துரை மேசையும் என் வலது கையும்

"உட்கார்ந்து பார்க்கிற வேலைதானே?"

இதை முதன்முதலில் யார் சொன்னார்களோ, அவர்கள் என் கையில் கிடைத்தால் எங்கள் ஆபீஸ் மேசைக்கு முன்னால் ஒரு மாதம் உட்கார வைப்பேன். காலையிலிருந்து சாயங்காலம் வரை தட்டச்சு செய்ய விடுவேன். அதற்கப்புறம் சோற்றைப் பிசைந்து வாயில் வைக்கட்டும், பார்க்கலாம்.

இதை நான் கையால் எழுதவில்லை. போனை அலமாரித் தட்டில் சாய்த்து வைத்துவிட்டு, அதன் முன்னால் நின்று பேசிக்கொண்டிருக்கிறேன். நான் பேசப் பேச அது எழுதிக்கொள்கிறது. நடுநடுவே தப்பும் தவறுமாக எழுதுகிறது. அதைத் திருத்தும்போது அதன் மேலும் கோபம் வருகிறது. கோபம் வருவதற்கு இப்போதெல்லாம் எனக்குப் பெரிய காரணம் தேவைப்படுவதில்லை.

மூணாறுக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில், ஆபீஸ் கணினியில் வேலை பார்க்கிறேன். அதே எஸ்டேட்டில் கொழுந்து எடுத்து ஓய்வு பெற்றவள் என் அம்மா. வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். நாங்கள் குடியிருக்கிற லயத்து வீடு, வரிசையாக ஒட்டிக் கட்டிய கம்பெனி வீடு. வீட்டில் ஒரு ஆள் வேலையில் இருக்கும் வரைக்கும் வீடு நம்முடையது, வேலை போனால் சட்டி பானையை எடுத்துக்கொண்டு இறங்க வேண்டியதுதான். அந்த ஒரு ஆள் நான். என் வேலையைச் செய்வது என் வலது கை. அந்தக் கை போனால் வேலை போகும், வேலை போனால் வீடு போகும். அம்மாவுக்கு இந்த மலையை விட்டால் போக்கிடம் கிடையாது.

இனி அந்த மேசையைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெள்ளைக்காரத் துரை காலத்து மேசை அது. முழுத் தேக்கு. நின்றுகொண்டே பெரிய பெரிய கணக்குப் புத்தகங்களில் எழுதுகிற குமாஸ்தாவுக்காகச் செய்தது என்பார்கள். நான் நாற்காலியில் உட்கார்ந்தால் மேசைப் பலகை என் நெஞ்சுக்கு வரும். அதன் மேல்தான் கணினியை ஏற்றி வைத்திருக்கிறார்கள். தட்டச்சு செய்ய வேண்டுமென்றால் தோளைத் தூக்கி, முழங்கையை அகட்டி, இரண்டு கையையும் மேலே ஏற்றி வைக்க வேண்டும். மேசையின் விளிம்பு நேராக மணிக்கட்டில் அழுந்தும். கரண்டு ஓடுகிற கம்பிமேல் கையை வைத்ததுபோல இருக்கும்.

வேலை என்னவென்றால், கொழுந்தை எடை போடுகிற இடங்களிலிருந்து சூப்பர்வைசர்கள் சீட்டுகளைப் படம் பிடித்து என் போனுக்கு அனுப்புவார்கள். இடது கையில் போனைப் பிடித்து, கட்டை விரலால் படத்தைப் பெரிதாக்கி, வலது கையால் கணினியில் ஏற்ற வேண்டும். நாள் முழுக்க இதுதான். போன் அடித்தால் அதைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு தட்டச்சைத் தொடர வேண்டும். ஞாயிற்றுக்கிழமையும் மேனேஜர் குரூப்பில் எதையாவது போடுவார். பார்த்தேன் என்பதற்கு ஒரு கட்டை விரல் படமாவது அனுப்பாவிட்டால் திங்கட்கிழமை முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். அவருக்குக் கட்டை விரல் அனுப்பி அனுப்பியே என் கட்டை விரல் போயிற்று.

மழைக்காலத்தில் ஆரம்பித்தது. காலையில் எழுந்தால் கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் மரத்துப் போயிருக்கும். உதறினால் சரியாகும். அப்புறம் உதறினாலும் சரியாகவில்லை. முழங்கை வரை கடுகடுவென்று ஒரு வலி. அம்மாவிடம் சொன்னேன்.

அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "கை பழகலட்டி. அதான்."

இதை வெளியூர்க்காரர்களுக்கு விளக்கியாக வேண்டும். எங்கள் லயங்களில் புதிதாகக் கத்திரி பிடித்துக் கொழுந்து வெட்டப் போகிறவர்களுக்கு முதலில் கை பயங்கரமாகக் கடுக்கும். வெந்நீரில் உப்பைப் போட்டுக் கையை முக்கி, மணிக்கட்டில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு மறுநாளும் மலையேறிவிட வேண்டும். வலிக்கிறதென்று வீட்டில் உட்கார்ந்தவளை ஊரே சிரிக்கும். போகப் போகக் கை பழகிவிடும், வலி அடங்கும். அம்மாவுக்கு அப்படித்தான் அடங்கியது. பக்கத்து வீட்டு அத்தைக்கும் எதிர் வீட்டு மதினிக்கும் அப்படித்தான். அதனால் கை வலி என்று யார் போய் நின்றாலும் எங்கள் லயத்தில் ஒரே வைத்தியம்தான். உப்பு வெந்நீர், துணிக்கட்டு, இன்னும் கொஞ்சம் வேலை.

நானும் அந்த லயத்தில் பிறந்தவள்தானே. துணியை இறுக்கிக் கட்டினேன். கை பழகட்டும் என்று வீட்டிலும் விடவில்லை. அக்கம்பக்கத்தாரின் பென்ஷன் மனு, ரேஷன் கார்டு விண்ணப்பம் என்று எது வந்தாலும் வாங்கி, போனிலேயே கட்டை விரலால் தட்டிக் கொடுத்தேன். வலிக்க வலிக்கத் தட்டினேன். பழகிவிட்டால் தெரியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பழகவே இல்லை. பனிக்காலம் வந்தபோது சட்டைப் பொத்தானைப் போட இடது கை தேவைப்பட்டது.

அம்மாவுக்கு இதில் நம்பிக்கையே இல்லை. "நாங்க மழையில அட்டக்கடியில நின்னு வேல பாத்தோம். ஒருத்திக்கும் இப்பிடி வரல. நிழல்ல ஃபேனுக்கு அடியில உக்காந்து பாக்குறவளுக்கு என்ன கையி வலிக்கி?"

"மூணாறுல எவன்மா ஃபேன் போடுறான்?" என்றேன்.

"ஃபேன் போடலன்னா போ. உக்காந்துதான பாக்குற?"

ஒரு நாள் காலையில் அடுப்பிலிருந்து வரக்காப்பிச் சட்டியை இறக்கினேன். பிடித்திருக்கிறேன் என்றுதான் நினைத்தேன். விரலுக்குப் பிடி இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. சட்டி நழுவி, கொதிக்கிற காப்பி அம்மாவின் கால்மேல் கொட்டியது. அம்மா அலறிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "கைய எங்கட்டி வச்சிருக்க?" என்று கத்தினாள். எங்கே வைத்திருக்கிறேன் என்று எனக்கே தெரியாததுதான் பிரச்சினை. அம்மா காலில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டே நான் அழுதேன். அழுகையை விட ஆத்திரம்தான் அதிகம். அன்றைக்கே போடிமெட்டு இறங்கித் தேனிக்குப் போனேன்.

வளைவுக்கு வளைவு பஸ் சாயும்போது கம்பியைப் பிடிக்க வலது கையால் முடியவில்லை. இடது கையால் பிடித்துக்கொண்டு, வலது கையை மடியில் கைக்குழந்தையைப் போல வைத்துக்கொண்டு போனேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் நரம்பு அழுந்துகிறது என்று எழுதி, பிசியோதெரபி செய்கிற பெண்ணிடம் அனுப்பினார். என்னைவிடச் சின்னவள். மருந்து, எண்ணெய் எதையும் எடுக்கவில்லை. ஒரு நாற்காலியைப் போட்டு, "ஆபீஸ்ல எப்படி உக்காந்து வேலை பாப்பீங்க, காட்டுங்க அக்கா" என்றாள்.

தோளைத் தூக்கிக் கையை உயர்த்திக் காட்டினேன்.

"விளையாடாதீங்க. நெஜமா காட்டுங்க."

"நெஜமாத்தான்."

அவள் என் முழங்கையைப் பிடித்துக் கீழே இறக்கி விலாவோடு ஒட்டி வைத்தாள். "மேசை இந்த முழங்கை உயரத்துல இருக்கணும். தோள் தொங்கணும். மணிக்கட்டு மடங்கக் கூடாது, விளிம்புல அழுந்தவும் கூடாது. அரை மணிக்கு ஒருக்க எழுந்திரிச்சு கையக் கீழ விட்டு உதறுங்க. போனை ஒத்தக் கையில பிடிச்சுக்கிட்டு கட்ட விரலால தட்டாதீங்க, மேசையில சாய்ச்சு வச்சு மத்த விரலால தட்டுங்க. முடிஞ்சா பேசியே எழுதுங்க." என் மணிக்கட்டைப் பார்த்தாள். "இதென்ன கட்டு? யாரு இவ்வளவு இறுக்கிக் கட்டினது?"

கை பழகுவதற்காக நானே கட்டியது என்றேன். எங்கள் லயத்து வைத்தியத்தைச் சொன்னேன்.

"சதை பழகும்க்கா. நரம்பு பழகாது. நீங்க அழுத்த அழுத்த அது செத்துக்கிட்டே வரும். இன்னும் கொஞ்ச நாள் இப்படியே போனா கத்தி வைக்கணும். வச்சாலும் முழுசா திரும்புமான்னு சொல்ல முடியாது." துணியை அவிழ்த்துக் குப்பைக் கூடையில் போட்டாள்.

அந்தக் கூடையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். மழைக்காலத்திலிருந்து நான் பட்ட பாடெல்லாம் கையைக் குணப்படுத்த அல்ல, கெடுக்க. யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல் எல்லார்மேலும் கோபப்பட்டேன்.

மறுநாள் மேனேஜரிடம் போய் மேசையை மாற்றித் தரச் சொன்னேன். மலையாளி. நன்றாகத் தமிழ் பேசுவார், கோபம் வந்தால் மட்டும் மலையாளம் கலக்கும். "மேசையை மாத்தறதா? இது நூறு வருஷம் ஆன தேக்காணு. கெஸ்ட் எல்லாம் இதைப் பார்க்கவே வருது. இதில் கை வைக்கான் பாடில்ல."

"மேசையில கை வைக்க வேண்டாம் சார். என்னை வேற மேசைக்கு மாத்துங்க. ஒரு பிளாஸ்டிக் மேசை போதும்."

"இந்த ரூமில் பிளாஸ்டிக்கா?" என்றார். நான் ஏதோ கெட்ட வார்த்தை சொல்லிவிட்டதுபோல முகம் போயிற்று. "நாற்காலியை உயர்த்திக்கோம்மா. கால் கீழே எட்டலைன்னா பெட்டி வச்சுக்கோ."

சரி, அதையும் செய்து பார்த்தேன். இரண்டு தலையணையைப் போட்டு உட்கார்ந்தேன். பலகைக்கு அடியில் ஆழமான ஒரு இழுப்பறை இருக்கிறது. பூட்டுச் சாவி தொலைந்து எத்தனையோ காலம் ஆகிறது, உள்ளே ஒன்றும் கிடையாது. அந்த வெறும் இழுப்பறை என் தொடையில் இடித்தது. தொடை நுழையவில்லை. இழுப்பறையை மட்டுமாவது கழற்றலாமா என்று கேட்டேன். பித்தளைக் கைப்பிடி இருக்கிறதாம், அழகு கெட்டுவிடுமாம். யூனியன்காரரிடம் போய்ச் சொன்னேன். "கொழுந்து எடுக்கிறவங்களுக்கே மழைக் கோட்டு வாங்கித் தர முடியல, உனக்கு மேசையா தாயி?" என்றார். அவரைச் சொல்லியும் குற்றமில்லை. ஆனால் அன்றைக்கு அவரையும் வாய்க்கு வந்தபடி பேசிவிட்டுத்தான் வந்தேன்.

அந்த வாரம் சென்னையிலிருந்து விருந்தாளிகள் வந்தார்கள். மேனேஜர் அவர்களை ஆபீசுக்கு அழைத்து வந்து, ஜன்னல் வழியாகத் தோட்டத்தைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தார். நான் பின்னால் கையைத் தூக்கி வைத்துத் தட்டிக்கொண்டிருந்தேன்.

"தேயிலை சும்மா விட்டா மரமா வளரும். நாங்க விடமாட்டோம். கவாத்து வெட்டி, இடுப்பு உயரத்துக்கு மட்டமா நிறுத்தி வச்சிருக்கோம். எதுக்குன்னா, ஆளுங்க நின்ன இடத்துல கை எட்டணும். கையை மேலே தூக்கி நாள் முழுக்க வேலை செய்ய முடியாதல்லோ."

என் விரல்கள் அப்படியே நின்றன.

"சார்" என்றேன். "இப்ப சொன்னத இன்னொரு தடவ சொல்லுங்க."

அவர் திரும்பிப் பார்த்தார்.

"செடிய எதுக்கு இடுப்புக்கு வெட்டுறோம்னு சொன்னீங்களே, அதை இந்த மேசையப் பாத்துச் சொல்லுங்க. மலை மலையா நிக்கிற செடிய எல்லாம் வெட்டத் தெரிஞ்ச கம்பெனிக்கு, இந்த நாலு காலை வெட்டத் தெரியாதா?"

விருந்தாளிகள் சிரித்தார்கள். நான் ஏதோ நகைச்சுவையாகப் பேசுகிறேன் என்று நினைத்துவிட்டார்கள். அதில் ஒரு அம்மாள் போனை எடுத்துக்கொண்டு என் பக்கம் வந்தாள். பழைய மேசை, புதுக் கம்ப்யூட்டர், ரொம்ப அழகாக இருக்கிறது, ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். பதில் சொல்லும் முன்பே குனிந்து பார்த்துவிட்டு, "கையில போட்டிருக்கிற பெல்ட்டை மட்டும் கழட்டிடுங்களேன், படத்துல தெரியுது" என்றாள்.

தேனியில் கொடுத்த மணிக்கட்டுப் பெல்ட் அது. அதைப் போட்டுக்கொண்டதால்தான் அன்றைக்கு விரலாவது அசைந்துகொண்டிருந்தது.

"கழட்ட முடியாதும்மா. வேணும்னா கையக் கழட்டித் தாரேன். மேசையோட சேத்து வச்சு எடுத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து வெளியே போய்விட்டேன். வேலை போய்விட்டது என்றே நினைத்தேன்.

போகவில்லை. நான் இல்லாவிட்டால் அந்தச் சீட்டுகளை ஏற்ற வேறு ஆள் இல்லை என்பது மேனேஜருக்கும் தெரியும். ஆனால் மேசையும் மாறவில்லை.

வீட்டில் டிவி வைத்திருந்த மர மேசை ஒன்று இருந்தது. நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து பார்த்தேன். முழங்கை விலாவோடு ஒட்டிக்கொண்டு, கை மேசைமேல் நேராகக் கிடந்தது. தோள் தானாகத் தொங்கியது. ஒரு சாதாரண மேசைக்கு முன்னால் சாதாரணமாக உட்காருவது எப்படி இருக்கும் என்பதையே மறந்திருந்தேன். இதை ஆபீசுக்குக் கொண்டு போகிறேன் என்றேன்.

"டிவிய எங்கட்டி வைக்க?" என்றாள் அம்மா.

"தரையில வையி."

"தரையில வச்சா நான் எப்பிடி நாடகம் பாக்க? குப்புறப் படுத்தா?"

"எனக்குக் கத்தி வைக்கணும்னு சொல்றாங்கம்மா. நீ நாடகத்த நெனைக்க."

முணுமுணுத்துக்கொண்டே டிவியை இறக்கினாள். மேசையை என்னால் தூக்க முடியாது. வலது கைக்குப் பிடி இல்லை. அம்மாவே தலையில் துணியைச் சுருட்டிச் சும்மாடு வைத்து, மேசையைக் கவிழ்த்துத் தூக்கிக்கொண்டாள். கொழுந்து மூட்டை சுமந்த தலை. நாலு காலும் வானத்தைப் பார்க்க, காப்பி கொட்டிய காலை லேசாகச் சாய்த்துச் சாய்த்து, வழியெல்லாம் என்னைத் திட்டிக்கொண்டே நடந்தாள்.

இதன் பின்விளைவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மேனேஜர் வந்தார், பார்த்தார், "இதை எடுத்துக்கொண்டு போ" என்றார். "என்னால தூக்க முடியாது சார், டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கார், ஆள விட்டு எடுக்கச் சொல்லுங்க" என்றேன். எந்த ஆளும் எடுக்க வரவில்லை. டிவி மேசை இன்னும் அங்கேதான் இருக்கிறது, பக்கத்தில் தேக்கு மேசை வெறுமனே நிற்கிறது. விருந்தாளி வந்தால் அதன்மேல் பூ வைக்கிறார்கள். அரை மணிக்கு ஒரு தரம் எழுந்து கையை உதறுகிறேன். ஞாயிற்றுக்கிழமை போனைப் பார்ப்பதில்லை, கட்டை விரல் யாருக்கும் அனுப்புவதில்லை. கத்தி வைக்க வேண்டி வரவில்லை, வேலையும் வீடும் தப்பின. நடுவிரல் நுனி மட்டும் இன்றைக்கும் என்னுடையது இல்லை. சுட்டாலும் தெரியாது, குத்தினாலும் தெரியாது. அது திரும்பாது என்று தேனிப் பெண் சொல்லிவிட்டாள்.

ஆனால் என்னால் மறக்க முடியாதது அம்மா மேசையைச் சுமந்து வந்த அந்தக் காலை நேரம்தான்.

எங்கள் ஆபீசுக்குள் தொழிலாளிகள் வரமாட்டார்கள். வரக்கூடாது என்று எங்கேயும் எழுதி ஒட்டவில்லை. துரை காலத்திலிருந்து வராண்டாவில் நின்று, கம்பி போட்ட ஜன்னல் வழியாகப் பேசிவிட்டுப் போவதுதான் பழக்கம். வராண்டா தாழ்வு, ஜன்னல் உயரம். வெளியே நின்று பார்த்தால் உள்ளே இருப்பவரின் முகம் மட்டும்தான் தெரியும். அம்மாவும் தன் வேலைக்காலம் முழுக்க அந்த ஜன்னலில்தான் நின்றிருக்கிறாள்.

அன்றைக்கும் நேராக ஜன்னலுக்குப் போய்த் தலைச்சுமையோடு நின்றாள். "உள்ள போயி வாங்கிக்க" என்றாள்.

"எம்மா, கம்பி இருக்கு. கதவு வழியா வா."

"உள்ளயா?"

"பின்ன?"

செருப்பைக் கழற்றிவிட்டு, படியில் ஒரு நிமிஷம் தயங்கி, குனிந்து மேசையின் கால் இடிக்காமல் உள்ளே வந்தாள். மேனேஜர் தோட்டத்துக்குப் போயிருந்தார். மேசையை இறக்கி வைத்துவிட்டு, சும்மாட்டுத் துணியால் முகத்தைத் துடைத்தபடி சுற்றிலும் பார்த்தாள். தேக்கு மேசையைப் பார்த்தாள். அதன் பக்கத்திலிருந்த என் நாற்காலியைப் பார்த்தாள்.

போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். அம்மா என்னைவிடக் குள்ளம். பலகை கழுத்துக்கு வந்தது. இரண்டு கையையும் தூக்கிக் கீபோர்டின்மேல் வைத்தாள், நான் வைப்பது போலவே. மணிக்கட்டு விளிம்பில் அழுந்தியது. கையை எடுக்காமல் அப்படியே இருந்தாள்.

"இப்பிடியாட்டி?" என்றாள் கடைசியில்.

"இப்பிடித்தான்."

"சன்னல்ல இருந்து பாத்தா மகாராணி கணக்கா இருந்தியேட்டி. பழகிரும் பழகிரும்னு நான்ல சொன்னேன்."

அவள்மேல் சேர்த்து வைத்திருந்த கோபத்தை எல்லாம் எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

அப்போது ஜன்னலில் எதிர் வீட்டு மதினி வந்து நின்றாள். ஏதோ லீவு கேட்க வந்திருக்கிறாள். உள்ளே அம்மாவின் முகம் தெரிந்ததும் அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"என்ன அத்த, நீங்களும் ஆபீசுல சேந்தாச்சா? நல்லதாப் போச்சு. உக்காந்து பாக்குற வேல, உங்க வயசுக்குத் தோது."

அம்மா நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. தூக்கிய கையையும் இறக்கவில்லை.

"செருப்பக் கழட்ட வேண்டாம், உள்ள வாட்டி" என்றாள். "வந்து இந்த நாற்காலியில இருந்து, இப்பிடிக் கையத் தூக்கி வையி. அப்பறம் பேசு."